றூஷாவுக்கு ஒரு நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மரியரட்ணம் கடல் கடந்து வந்து டோர்செட் பார்க்கில் சொந்தத் துணிக்கடை வைத்திருக்கிறார் என்றால் லேசுப்பட்ட காரியமா? சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிய கையால் வாங்கிய கடை. விற்றவர் லேயோன் என்ற யூதர். விற்ற பிறகும் தேத்தண்ணி குடிக்க வந்துவிடுவார். பேசுவது உடைந்த இங்கிலிஷ். மரியரட்ணத்தின் காதில் தமிழாகவே விழும்.

லேயோனும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். போலந்தில் ஒரு சின்னப் பட்டினம். பொத்தானும் நாடாவும் விற்கும் கடை. ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்ததும் வேறொருவனை முதலாளியாக உட்காரவைத்தான். தகப்பன் தன் கடையிலேயே கூலியானார். பிறகு யூதர்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று கதை வந்தது. பால்காரி ஒருத்தி பின்வாசலால் வந்து, ஒரு பிள்ளையைத்தான் தன்னால் ஒளிக்க முடியும் என்றாள். தாய் சின்னவன் லேயோனைக் கொடுத்தாள். அவனுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டது பத்து வயது அக்கா றூஷா.

தாயையும் தகப்பனையும் ஜெர்மன்காரன் சுட்ட நாளைக் கண்டவர்கள் சொன்னார்கள். றூஷாவுக்கு என்ன நடந்ததென்று சொல்ல ஆளில்லை. யூதர்கள் ஒருவர் செத்த நாளில் வருடாவருடம் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அக்காவுக்கு நாளும் இல்லை, திரியும் இல்லை.

இரண்டு மாரிக்கு முன் லேயோன் ஒட்டி உலர்ந்துபோய் வந்தார்.

"ரட்ணம், டொக்டர் கைவிட்டிட்டான். றூஷாவுக்கு ஒரு நாள் குறிச்சுத் தா. போகமுந்தி ஒருக்கா கொளுத்தவேணும்."

"உங்கட சமயத்தில நாள் தெரியாதவைக்குப் பொதுநாள் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. அது சனத்துக்கு. அவள் என்ர அக்கா."

"அப்ப நீங்களே சொல்லுங்கோவன்."

"நான் சொன்னா நானே அவளைச் சாக்காட்டின மாதிரி. எல்லாத்துக்கும் விலை சொல்லுற வாய், ஒரு நாள் சொல்லாதோ?"

"உதென்ன பெரிய வேலை! உங்களிட்ட இந்தக் கடையையே பேசி வாங்கினவன் நான்."

மரியரட்ணம் கோயில் கலண்டரை இறக்கினார். விரல் தையில் நின்றது, நகர்ந்தது. மாசியைத் தாண்டியது.

"ஏதோ ஒண்டில வையுங்கோவன், இஞ்சாருங்கோ. மனுசன் பாத்துக்கொண்டு நிக்கிறார்," என்றாள் மனைவி கிளடிஸ்.

விரல் வைக்கப்போன ஒவ்வொரு நாளிலும் அந்தப் பிள்ளை உயிரோடு நின்றது.

"என்னால ஏலாது, லேயோன்."

லேயோன் கோபிக்கவில்லை. "எனக்கும் எண்பது வருசமா ஏலேல்ல," என்று சொல்லி, தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினார்.

வைகாசியில் அவர் செத்தார். மறுவருடம் அதே தேதியில் மரியரட்ணம் அவருக்குத் திரி கொளுத்தினார். பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார். நெருப்புக்குச்சி விரலைச் சுடும்வரை அதனருகே பிடித்துக்கொண்டு நின்றார். கொளுத்தவில்லை.