நாற்பத்தொன்று மேல்வூடு

காரிமங்கலத்துப் பக்கம் உழவர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் ஒன்றில் ராகிக் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. உறுப்பினர் எண் வரிசைப்படி அது களம் களமாகப் போகும். அந்த எண்களும் ஊர் ஊராக, அக்கம்பக்கம் பார்த்துக் கொடுத்தவை. முறையைப் பட்டியல் போட்டுத் தருவது பூவிழி எழுதிய மென்பொருள்.

பூவிழி கணினி படித்தவள் அல்ல. ஓசூரில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தபோது கையேடுகளைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டாள். புரியாத வரியைத் தாண்டிப் போகும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அலுவலகக் கணினியில் மட்டும் இருந்ததை எல்லா ஊரிலிருந்தும் பார்க்கும்படி சர்வருக்கு மாற்றச் சொன்னார் தலைவர் பச்சியப்பன். அறுவடைக்குள் ஓடாவிட்டால் பெங்களூருக்காரர்கள் விற்கும் மென்பொருளை வாங்க வேண்டியதுதான் என்றார்.

அவள் பயப்படவில்லை. ஓ.ஆர்.எம். வழியாகத்தான் எழுதியிருந்தாள். பைத்தானில் எழுதுவதை அந்தந்த டேட்டாபேஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கருவி அது. இதுவரை தகவல்கள் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் இருந்தன, இனி சர்வருக்கு ஏற்ற போஸ்ட்கிரெஸ். எந்த டேட்டாபேஸ் என்று சொல்லும் இணைப்பு வரியை மாற்றினால் போதும் என்றிருந்தாள். மாற்றிவிட்டுப் பழைய தகவல்களை ஏற்றினால் பாதியில் நின்றுவிட்டது. உறுப்பினர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘41 மேல்வூடு’ என்று இருந்தது.

அலுவலகத்தில் உறுப்பினர்களைப் பதிவு செய்யும் ராமக்காளிடம் போய்க் கேட்டாள்.

“அண்ணந்தம்பி பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அப்பன் நம்பருதான் வேணுமாம். புது நம்பரு குடுத்தா, ‘நான் என்ன நேத்து வந்தவனா’ன்னு சண்டைக்கு வராங்க. அதான் மேல்வூடு, கீழ்வூடுன்னு போட்டேன்.”

“அதுல எழுத்து போடக்கூடாதுங்கக்கா.”

“போட்டப்ப உன் கம்ப்யூட்டரு ஒண்ணும் சொல்லலயே. வாய மூடிக்கிட்டு வாங்கிக்கிச்சு.”

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். எண் என்று அறிவித்த இடத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் எஸ்கியூலைட் மறுக்காது, போஸ்ட்கிரெஸ் மறுக்கும். ஓ.ஆர்.எம். இரண்டுக்கும் ஒரே முகத்தைக் காட்டியதில் இந்த வேறுபாட்டை அவள் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் புரிந்தது. எஸ்கியூலைட் எண்களை முன்னால் வைத்து, எழுத்து கலந்ததையெல்லாம் கடைசியில் தள்ளிவிடும். பாகம் பிரிந்த குடும்பங்களுக்கு முறை எப்போதும் கடைசியில் வந்தது அதனால்தான்.

அந்த இடத்தையே எழுத்துக்கானதாக மாற்றிப் பார்த்தாள். போஸ்ட்கிரெஸ் வாங்கிக்கொண்டது, ஆனால் எண்ணையும் எழுத்தாகவே வரிசைப்படுத்தியதில் இரண்டுக்கு முன்னால் பத்து வந்து நின்றது. அதை அழித்தாள். எண்ணுக்கு ஓர் இடம், வூட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்து, இரண்டும் சேர்ந்ததே ஓர் உறுப்பினர் என்று நிரலில் இருந்த அமைப்பைத் திருத்தி எழுதினாள். இம்முறை இரண்டு டேட்டாபேஸிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சர்வரில் ஏற்றினாள். ஒரு வரிகூட நிற்கவில்லை.

அறுவடை தொடங்குமுன் பட்டியல் வந்தது. பச்சியப்பன் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு படித்தார்.

“நாப்பத்தொண்ணு ரெண்டும் ஒண்ணா வருதே. பக்கத்துப் பக்கத்துக் களந்தான். வண்டி ஒரே நடையில முடிச்சிரும்.”

“இனிமே அப்படித்தாங்க வரும்.”

அவர் பெங்களூருக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாங்க, எங்களுதே நல்லா ஓடுது என்றார். பூவிழி ராமக்காள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டாள்.