பெல்ட் அக்கா

"இறங்கு. திரும்ப ஏறு. இப்ப ஓட்டு."

புல் வெட்டும் வண்டி நின்றுபோயிற்று என்று யார் வந்து சொன்னாலும் பெல்ட் அக்கா முதலில் வண்டியைத் தொடுவதில்லை. ஓட்டியவரை மறுபடி சீட்டில் ஏறச் சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைத்தான் பார்ப்பார். "நோவு வண்டிக்கா, ஆளுக்கான்னு தெரிய வேணாமா?"

எங்கள் மருத்துவமனையின் மருந்துக் கடைக்குப் பின்னால்தான் அவர் வண்டிகளைப் பழுது பார்க்கும் தகரக் கொட்டகை. நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஜன்னலிலிருந்து திரும்பினால் தெரியும். ஐம்பதை நெருங்கும் வயது. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. தோளில் எந்நேரமும் வண்டியின் பெல்ட் ஒன்று துண்டுபோலத் தொங்கும். வெட்டும் இடத்தில் அறுந்தால் எடுக்கக் கொட்டகை வரை நடக்கச் சோம்பல் என்பார். வீட்டுக்காரருக்கு இங்கேயே சலவைப் பகுதியில் வேலை. மதியம் இருவரும் கொட்டகை வாசலில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள். அக்காவின் காது மட்டும் புல்வெளியில் இருக்கும். "பிளேடுக்கு மேல புல் அடைச்சுக்கிச்சு. ஈரத்துல வெட்டாதேன்னா கேக்குறானா?" என்பார், வாயில் கவளத்தோடு. அடுத்த நொடி தூரத்தில் வண்டி திக்கும்.

ஓட்டுகிற தோட்டக்காரர் ஒல்லிக்குச்சி ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேடு பள்ளம் வந்தாலே வண்டி அணைந்துபோகிறது என்று பேட்டரியை மாற்றி, பிளக்கை மாற்றி அலுத்துப்போயிருந்தார். அக்கா அவரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஆள் எழுந்துவிட்டால் இஞ்சின் தானே நிற்பதற்காக வைத்தது. குலுக்கலில் இவர் கொஞ்சம் எம்பினாலே ஆள் இறங்கிவிட்டதாக வண்டி நினைத்துக்கொண்டது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. வீட்ல சொல்லி உனக்கு ரெண்டு கவளம் கூட வைக்கச் சொல்லு."

வேறு யாராவது என்றால் அந்த ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அக்கா சீட்டின் விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, இவர் எடைக்கும் அமுங்குகிற மாதிரி இளகின ஒன்றைப் பொருத்தினார்.

போன வாரம் ஒரு காலை. ஹெலிகாப்டர் இறங்கும் வட்டத்துக்கு நட்டநடுவில் வண்டி நின்றுபோயிற்று. அதே நேரம் வாசல் காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். மலைப்பக்கத்திலிருந்து ஒரு பிரசவக் கேஸ், சிக்கலாம், வந்துகொண்டிருக்கிறதாம். தோட்டக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இஞ்சின் இருமுகிறதே தவிரப் பற்றவில்லை. வார்டு ஊழியர்கள் நாலைந்து பேர் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். நானும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். பின்சக்கரங்கள் உருளவே இல்லை; மண்ணைத்தான் உழுதன. மேலே சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

"கையை எடுங்க எல்லாரும்! பூட்டின கதவத் தள்ளினா திறக்குமா?"

கொட்டகையிலிருந்து ஓடி வந்த அக்கா குனிந்தார். வண்டியின் பின்புறத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அத்தனை பேர் கண்ணிலும் படாதது. இழுத்து ஓரமாக மாட்டினார். சக்கரத்தை எது பிடித்துக்கொண்டிருந்ததோ அது விட்டுவிட்டது. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இப்ப தள்ளுங்க" என்றார். தள்ளுவண்டி மாதிரி உருண்டது! நாங்கள் கொட்டகையைத் தொடவும், ஹெலிகாப்டர் இறங்கவும் சரியாக இருந்தது. வெட்டிய புல்லெல்லாம் பறந்து எங்கள் முகத்தில் அடித்தது. அந்தப் பெண் ஸ்ட்ரெச்சரில் போனாள். கம்பியை இறுகப் பிடித்திருந்த அவள் விரல்கள்தான் என் கண்ணில் பட்டன.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே ஓடியது. "கேட்டீங்களா? மூச்சு முட்டியிருக்கு." பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வேண்டும், அதற்கு அந்த மூடியில் ஓர் ஊசித் துவாரம். அதில் தூசி அடைத்திருந்தது. காலரில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டார். சாவியை ஒருமுறை திருப்பினார். இஞ்சின் கணீரென்று எழுந்தது.

"மூடியில்தான் கோளாறுன்னு அங்கயே தெரியுமாக்கா?"

"அப்படித்தான் தோணுச்சு."

"அப்ப அங்கயே திறந்து, ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே?"

"தோணுறத நம்பி, அந்தப் பொண்ண வானத்துல காக்க வைக்கச் சொல்றீங்களா? தள்ளினா நகரும்கறது எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் பொறவு."

சாயங்காலம் செய்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அக்கா என் ஜன்னலுக்கு வந்து, "கை கழுவ ஸ்பிரிட் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பஞ்சு பஞ்சாகத் தேய்த்தார். உள்ளங்கை வெளுத்தது, நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

கடையை அடைத்துவிட்டுப் பிரசவ வார்டைத் தாண்டிப் போனபோது பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா நின்றிருந்தார். உள்ளேயிருந்த நர்ஸ், வரச் சொல்லிக் கையசைத்தார். அக்கா வேகமாகத் தலையாட்டி மறுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, நெற்றியைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டார்.