பினாங்கில் ஒரு ஹீட்டர்

பினாங்கில் ஹீட்டர் ரிப்பேர் செய்தவன் நான் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், உச்சிப் பொழுதில், ஒரு வேனின் கதவு ஜன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு, உள்ளே ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. சிரிக்கிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.

எழுபதுகளின் நடுவில் டத்தோ கிராமாட்டில் ஒரு சந்துக்குள் இருந்த வொர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். பக்கத்திலேயே ஒரு மளிகைக்கடையின் மாடியில் வாடகை அறை. அம்மா கூலிம் ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்தார். எனக்கு நிச்சயமான பெண் பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் பக்கத்துக்காரி. அவள் இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தாள். படிப்பு முடிந்து திரும்பியதும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசித் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தட்டு மாற்றிய கையோடு அவள் விமானம் ஏறிவிட்டாள். அவளோடு நான் தனியாகப் பேசியதே கொஞ்சம்தான், அதுவும் கதவு திறந்திருக்க, தங்கைமார் ஓரமாக நின்று கேட்க.

அதனால் என்ன ஆனதென்றால், நான் கல்யாணமானவனாகவும் இல்லை, ஆகாதவனாகவும் இல்லை. கூட்டாளிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால், நிச்சயமானவன் ஊர் சுற்றலாமா என்று மறுத்துவிடுவேன். குடும்பஸ்தர்கள் வீட்டுக்குப் போனால் தனிக்கட்டை என்று ஓரமாக ஒரு நாற்காலி போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த ஃபெர்ரியில் திரும்பி வருவேன். போகிற இடம் ஒன்றும் கிடையாது. அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

மாதம் ஒரு தரம் டெலிபோன் ஆபீஸுக்குப் போய், சாயங்காலமாக அவளுக்கு டிரங்க் கால் போடுவேன். அவளுடைய வாடகை வீட்டில் நடைப்பாதையில் ஒரு போன் இருந்தது. வீட்டுக்காரம்மாள் எடுத்துக் கூப்பிடுவாள், இவள் படியிறங்கி வருவாள். பேச்சு பெரும்பாலும் சௌக்கியமா, சாப்பிட்டாயா என்று போகும். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் வாயில் வராது.

ஒரு தடவை அவளே பேச்சை ஆரம்பித்தாள். அறையில் சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டி ஹீட்டர் இருக்கிறதாம். மேலே கம்பி வலை, உள்ளே காற்றாடி. கொஞ்ச நாளாகக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது, போட்டால் தூக்கமில்லை, நிறுத்தினால் குளிரில் பல் கிட்டுகிறது என்றாள். வீட்டுக்காரம்மாளிடம் சொன்னால் பார்க்கலாம் என்கிறாளாம். பிறகு, "நீங்க மெக்கானிக்தானே, என்னா செய்யணும்னு சொல்லுங்களேன்," என்றாள்.

அவள் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. துணி, நகை என்று அவள் எதுவுமே கேட்டதில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விசாரிக்க யாரிருக்கிறார்கள்? பினாங்கில் காற்றாடி தெரிந்தவன் உண்டு, ஏர்கான் தெரிந்தவன் உண்டு. ஹீட்டரை எவன் கண்டான்? முதலாளியிடம் கேட்டேன். மனுஷன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கரையில் பிறை என்ற ஊரில் பவர் ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் எனக்கு பாய்லரைப் பற்றி வெகுநேரம் விளக்கினார். ஒன்றும் பிரயோஜனமில்லை. அவளுக்கு நான் யார் என்பது அந்த ஹீட்டரில் இருக்கிறது என்று என் மனசுக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் நான் அவளுடைய மனுஷன். சொல்லாவிட்டால் மாதம் ஒரு தரம் சௌக்கியமா என்று கேட்கிற எவனோ ஒருவன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வேன் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே இந்தியாவரை ஓட்டிவந்து, மெட்ராஸில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கியிருந்தார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், காஸ் அடுப்பு, பூப்போட்ட திரை. குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. அடுத்தது ஆஸ்திரேலியா போகிறார்களாம், அங்கே தென்பக்கம் குளிராம். ஹீட்டரைப் போட்டால் சத்தம் தாங்கவில்லை, பார்க்க முடியுமா என்றார்கள். முதலாளி முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முடியும் என்றேன்.

பிரித்துவிட்டுத்தான் பேச்சு என்பது எங்கள் வொர்க்‌ஷாப் வழக்கம். அன்றைக்கு நான் பிரிக்கவில்லை. முதலில் அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. என்ஜினை ஓடவிட்டு, ஜன்னல்களை அடைத்து, ஹீட்டரைத் திருகினேன். என்ஜின் சூட்டை இழுத்து டேஷ்போர்டு வழியாக உள்ளே ஊதுகிற ஹீட்டர் அது. கடகடகட என்று ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் அவள் அறை, இந்தச் சத்தத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சொன்னால் வெட்கக்கேடு, நிச்சயமான நாளிலிருந்து அவள் பக்கத்தில் இருந்ததுபோல் எனக்கு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

முதலாளி கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, வெளிய வா லா, வெந்துருவ," என்றார்.

பிறகு டேஷ்போர்டைக் கழற்றினேன். காற்றாடிக் கூட்டைத் திறந்து கையை விட்டால், ஒரு பிடி பொட்டுக்கடலை. கொஞ்சம் பொரி, காய்ந்து சருகான செவ்வந்தி இதழ்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளைக்காரரைக் கேட்டேன். மெட்ராஸில் வேன் ஒரு வொர்க்‌ஷாப்பில் நின்றபோது ஏதோ பண்டிகை வந்ததாம், அங்கிருந்தவர்கள் வேனுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பொரியும் கடலையும் டேஷ்போர்டு மேல் குவித்தார்களாம், ரொம்ப அழகாக இருந்ததாம். ஆயுதபூஜை. நாங்களும் வருஷாவருஷம் அதைத்தான் செய்கிறோம். கண்ணாடியோரத் துவாரம் வழியாகக் கடலை உள்ளே இறங்கும் என்று எந்தத் தமிழன் யோசித்தான்?

கடலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது. அந்த அறையில் வேறு இடமில்லாததால் சாமி படத்தை ஹீட்டர் மேல் வைத்திருப்பதாக அவள் போன புதிதில் சொல்லியிருந்தாள். எங்கள் நிச்சயத்தில் பெரியவர்கள் தூவியதுபோக மிஞ்சிய அட்சதையை, அந்த மஞ்சள் அரிசியை, அவள் அம்மா ஒரு பொட்டலமாகக் கட்டி அவளோடு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிட்டிகை எடுத்துப் படத்துக்கு முன்னால் போட்டுக் கும்பிடச் சொல்லி. படத்துக்குக் கீழே கம்பி வலை. அரிசி எங்கே போகும்? ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கண்டுபிடித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அடுத்த மாதம்வரை பொறுக்கவில்லை. மறுநாளே டெலிபோன் ஆபீஸுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கு, படத்தை இறக்கு, வலையைக் கழற்று, அரிசியைப் பொறுக்கிப் பத்திரமாக எடுத்து வை. லைன் கிடைத்ததும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பதிலுக்காக ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அது அப்பவே சரியாயிருச்சு," என்றாள். "ஆஸ்பத்திரியில கூட வேலை செய்றவரு ஒருத்தரு வந்து தொறந்து பார்த்தாரு. நீங்க சொன்ன மாதிரி அரிசிதான்."

அரிசி எங்கே என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அவரு வேக்கூம் மெஷின் போட்டு உறிஞ்சி இழுத்துட்டாரு. இப்ப சத்தமே இல்ல. நல்லா தூங்குறேன்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது. அது எனக்காக வந்த தெளிவு இல்லை. நல்லது என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். நன்றாகத் தூங்குகிறாள் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டியவன் நான். முடியவில்லை. போனை வைத்துவிட்டு, அறைக்குப் போக மனசில்லாமல் ஃபெர்ரித் துறைவரை நடந்தேன். அன்றைக்கு ஃபெர்ரி ஏறவில்லை. போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறமும் மாதம் ஒரு தரம் கூப்பிட்டேன். சௌக்கியம் என்றாள், சாப்பிட்டேன் என்றாள். அந்த வேன் எப்போதோ கப்பலேறிவிட்டது. மறுவருஷம் அவளுடைய அண்ணன் எங்கள் கூலிம் வீட்டுக்கு நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, என் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். என் அண்ணன் சத்தம் போட்டான். எனக்கு மட்டும் அது பழைய செய்தி.