தாய்மாமன் மடி

மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த அன்று மனைவியிடம், "ஒங்கண்ணனும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலதான? ஒங்க வீட்டு ரத்தம்" என்றேன். காதுகுத்துக்கு அவள் அண்ணனை அழைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை என் மடியில் வைத்துக் குத்தினோம்.

அடுத்த மாதம் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது.

"ரொம்ப அரிதான மாற்றம். உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல, பிள்ளைக்குப் புதுசா வந்தது" என்றார் டாக்டர்.

மனைவி முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும் வழியில் அவள் பிறந்த திருமயத்தில் பஸ் நின்றது.

"எறங்கி ஒங்கண்ணனப் பாத்துட்டுப் போவமா?" என்றேன்.

தூங்கும் மகளின் தோட்டைத் தொட்டபடி அவள் சொன்னாள்: "காது குத்தி முடிச்சாச்சுங்க."

பஸ் கிளம்பியது. இன்றும் திருமயம் வந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.