வெள்ளானூர் பெட்டி

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் எனக்கு வேலை. கம்பெனிகளிலிருந்து பெரிய லாரிகளில் சரக்கு வந்து இறங்கும். சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடுவார்கள். என் கையிலிருக்கும் மெஷினில் கடையின் பெயர் வரும். அடுக்கு அடுக்காக நடந்து சோப்பு, பிஸ்கட், டீத்தூள் என்று எடுத்துப் பெட்டியில் கட்டி வேனில் ஏற்ற வேண்டும்.

ஒருநாள் அந்த மெஷினில் அம்மாவின் கடைப் பெயர் வந்தது. வெள்ளானூரில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா நடத்தும் மளிகைக் கடை. விரும்பியவனைக் கட்டிக்கொண்டு நான் பூந்தமல்லிக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. நானும் போன் செய்யவில்லை. பிடிவாதத்தில் நான் அவளுக்குச் சளைத்தவள் இல்லை.

அன்று முதல் அந்த ஆர்டரை யாரையும் தொட விடமாட்டேன். கனமானது அடியில், லேசானது மேலே என்பதுதான் குடோன் வழக்கம். ஆனால் சோப்பு வாசனை டீத்தூளில் ஏறிவிடும் என்று அம்மா இரண்டையும் ஒட்டி வைக்கவே மாட்டாள். நானும் நடுவில் ஒரு அட்டையைச் செருகி வைப்பேன்.

"இன்னாம்மா, சீர்வரிசைத் தட்டா அடுக்கிகினு கீற?" என்று சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டுமே. அம்மாவின் கைக்குப் போகிற பொருளைத் தொட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தேன்.

போன வாரம் பண்டிகை நேரம், ஆர்டர் குவிந்துவிட்டது. அம்மாவின் பெட்டியையும் அவசர அவசரமாகக் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் வேன் ஓட்டும் அண்ணன் காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்து புலம்பினார்.

"வெள்ளானூர் கடைக்காரம்மா இன்னிக்கு செம காண்டு. 'சோப்பையும் டீத்தூளையும் பிரிச்சு வெக்கத் தெரியுது, ஊதுபத்திய ரஸ்க் மேல வெக்கக்கூடாதுன்னு தெர்லயா? எத்தினி தபா சொல்லிக் கீறேன்!'னு கத்துது. யாருக்கு எப்போ சொல்லிச்சோ, ஒண்ணும் புரியல."

கையிலிருந்த மெஷினைக் கீழே வைத்தேன். "வேற இன்னா சொன்னாங்கண்ணா?"

"'கட்டினவளையே ஞாயித்துக்கெயம வந்து அடுக்கித் தரச் சொல்லு. ஊட்டுக்காரனையும் இட்டுகினு வரச் சொல்லு'ன்னுச்சு. இங்க எத்தினி பொம்பளைங்க கட்றீங்க, நான் யாரைன்னு கண்டேன்?"

"என்னைத்தாண்ணா" என்றேன்.