மிதித்தது யார்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நானில்லை. எனக்கு வெளுப்பும் தெரியாது என்பது வேறு கதை. பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலோடு கண் இரண்டும் போயின. அன்றிலிருந்து என்னைச் சுற்றியுள்ள எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள், அதுதான் என் பிரச்சினை. திருகோணமலையில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை எனக்கு. அங்கே நான் கதவைத் திறந்தால்கூட கெட்டிக்காரி என்பார்கள். வீட்டிலோ என் கணவர், உப்புக் கரிக்கிற சொதியை "நல்லாயிருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு, குசினிக்குள் போய்ச் சத்தம் போடாமல் தண்ணீர் குடிப்பார். செம்பை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பேன், ஆனால் கோபம் கோபமாக வரும்.

அதனால்தான், மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு இரண்டு பேர் ஓடுகிற சைக்கிள் வந்திருக்கிறது, முன்னால் கண் தெரிந்தவர், பின்னால் தெரியாதவர், நிலாவெளி வரைக்கும் ஓட்டம் என்று கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம். வருகிற எல்லாருக்கும் பதக்கம் என்றார்கள். எல்லாருக்கும் என்றால் அதென்ன பதக்கம்? ஆனாலும் போனேன். கண் போவதற்கு முன் சைக்கிள் ஓடியவள் நான். அந்தக் காற்று இன்னொருமுறை முகத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. இல்லையென்றால் பொய்.

முன் சீட்டுக்காரி கிண்ணியாவைச் சேர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், என்னைவிட வயது குறைந்தவள். குரல் நல்ல குரல். அதையும் நான் நம்பவில்லை. என் கைபேசி தெருப்பெயர்களை வாசித்துச் சொல்லும். ஓட்டத்துக்கு முன் பழகுகிற நாட்களில் அதன் வயரை ஒரு காதில் மாட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறினேன். உப்புவெளிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மைதானத்தையே சுற்றிச் சுற்றி ஓடினால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் சொன்ன இடமும் கைபேசி சொன்ன இடமும் ஒன்றாகவே இருந்தன. சரி, வழியில் பொய் இல்லை. அப்போதுதான் அடுத்த சந்தேகம் வந்தது. இதை மிதிப்பது நானா, அவளா?

முன் பெடலும் பின் பெடலும் செயினால் ஒன்றோடொன்று பூட்டியவை. அவள் மிதித்தால் என் கால் தானாகச் சுற்றும். நான் மிதிக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான். ஒருநாள் உப்புவெளிப் பக்கம் சமதரையில் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் காலைத் தளர்த்திவிட்டேன். கால் சும்மா சுற்றியது. சைக்கிள் அதே வேகத்தில் போனது. அவளுக்கு மட்டும் மூச்சு வாங்கியது.

"இப்ப நான் எப்பிடி மிதிக்கிறன், தங்கச்சி?"

"சூப்பர் அக்கா. நல்லா மிதிக்கிறீங்க."

"நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினாள். இறங்கினேன். "இவ்வளவு தூரமும் நான் மிதிக்கவே இல்லை. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்," என்றாள் மெல்ல. "களைச்சிட்டீங்க எண்டு நெனச்சேன். சொன்னா மனசு நோகும் எண்டு..."

"பின்னுக்கு ஏத்திக்கொண்டு போக நான் என்ன வாழைக்குலையோ?"

நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஏதோ ஒரு முச்சக்கர வண்டி நின்று வேடிக்கை பார்த்தது, எஞ்சின் சத்தம் இடத்தை விட்டுப் போகவேயில்லை. பார்க்கட்டும். சுமையாகப் போய்ப் பதக்கம் வாங்குவதைவிட வீட்டிலேயே கிடக்கலாம் என்று இருந்தது எனக்கு. நிலாவெளிக்கு வரமாட்டேன் என்றேன்.

அவள் சைக்கிளைத் தெருவோரமாக உருட்டி நிறுத்தினாள். பிறகு, "அப்ப என்ன செஞ்சா நம்புவீங்க?" என்று கேட்டாள். குரலில் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்தது.

"உவர்மலை ஏத்தத்துக்கு விடுங்கோ. நீங்கள் பெடலில காலே வைக்கக் கூடாது. எனக்கு எவ்வளவு ஏலும் எண்டு எனக்குத் தெரியவேணும். தெரிஞ்சால் நிலாவெளிக்கு வாறன், இல்லாட்டி இல்லை."

"விழுந்தா?"

"விழுவம்."

ஏற்றம் தொடங்கியதும் அவள் கால்களைப் பெடலிலிருந்து எடுத்துச் சட்டத்தில் தூக்கி வைத்தாள். அப்படித்தான் சொன்னாள். நான் ஒரு கையை எட்டி அவள் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். அசையாமல்தான் இருந்தது.

"நுள்ளாதீங்க அக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு சுற்றும் ஆழக் கிணற்றில் தண்ணீர் இழுப்பதுபோல் பாரம். கைபேசி காதுக்குள் ஏதோ சொல்லத் தொடங்க, வயரைப் பிடுங்கி விட்டேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, அவள் காலை ஊன்றும் முன்பே சரிந்துவிட்டது. இரண்டு பேரும் தெருவோரப் புல்லில் கிடந்தோம்.

"எங்க நிக்கிறம்?" என்று கேட்டேன்.

இந்த இடத்தில்தான் பொய் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கிட்டத்தட்ட மேலே வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தான் அக்கா என்பாள். சொல்லட்டும், அப்படியே எழும்பி வீட்டுக்கு நடப்பேன்.

"ஏத்தம் இப்பதான் தொடங்கியிருக்கு," என்றாள் அவள், புல்லைத் தட்டிக்கொண்டே. "கால்வாசியும் வரல்ல. உங்களால ஏலாமப் போச்சு அக்கா."

செய்து பார்க்கும் முன்பே உன்னால் ஏலாது என்று சொன்னவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். செய்து பார்த்த பிறகு அதை என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இவள்தான். புல்லில் இருந்தபடியே அழுதேன்.

"எங்கயாவது நோகுதா?"

"இல்லை. சந்தோசம்."

"விழுந்ததுக்கும் சந்தோசப்படுவாங்களா?" என்று முணுமுணுத்தபடி சைக்கிளை நிமிர்த்தினாள். அடிவாரத்துக்கு உருட்டிக்கொண்டு போய், இம்முறை இரண்டு பேரும் மிதித்தோம். நான் கொஞ்சம் தளர்ந்தாலும் விடவில்லை, மேலே போய்ச் சேரும்வரை என்னை ஏசிக்கொண்டே வந்தாள்.