நீண்ட பில்கள் மட்டும் நின்றன

காத்தான்குடியில் நான் கணினி வேலை பார்க்கும் துணிக்கடையில் நடந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை.

பெருநாள் கூட்டத்துக்கு வேகம் வேண்டுமென்று, கட்டாரிலிருந்து வந்திருந்த முதலாளியின் மருமகன் என்னைக் கேட்காமலே சேர்வரிலும் பில் போடும் கணினிகளிலும் ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பாக்கெட்டின் அளவைக் கூட்டிவிட்டார். இடையில் அவற்றை இணைத்த பழைய நெட்வொர்க் சுவிட்ச் அவ்வளவு பெரிய பாக்கெட்டைக் கடத்தாது. சின்ன பில்கள் வந்தன. குடும்பத்துக்கே உடுப்பெடுத்தவர்களின் நீண்ட பில்கள் அப்படியே நின்றன.

“கொம்பியூட்டர் தெரியாட்டி வீட்ட இரு!” என்று அந்த மருமகன், காசாளர் பரீனாவை எல்லோர் முன்னாலும் ஏசினார்.

நான் அளவைப் பழையபடி குறைத்ததும் பில்கள் ஓடின. கடை பூட்டிய பிறகு அவர் அவளிடம் வந்து, “பிழை உன்ட இல்ல, புள்ள” என்றார், மெதுவாக.

அவர் போனதும், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் பரீனா சொன்னாள்: “நானா, ஏசக்குள்ள கடை நிறையச் சனம். இதச் சொல்லக்குள்ள ஆருமில்ல.”

அந்த மெதுவான குரலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.